தி எக்ஸார்சிஸ்ட் (திரைப்படம்)

தி எக்ஸார்சிஸ்ட் 1973 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆங்கிலத் திகில் திரைப்படமாகும். இத்தலைப்பு "பேயோட்டி" எனப் பொருள்படும். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971 இல் எழுதிய இதே பெயருடைய புதினத்தைத் தழுவி, அவரே எழுதிய திரைக்கதையைக் கொண்டு வில்லியம் ஃப்ரீட்கின் இதனை இயக்கினார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. சிறந்த திரைப்படத்துக்கான அகாதமி விருதுக்கு (ஆஸ்கார்) முன்மொழியப்பட்ட முதல் திகில் படம் இதுவே. மொத்தம் பத்துப் பிரிவுகளில் முன்மொழியப்பட்டு, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்குமாக இரண்டு விருதுகளைப் பெற்றது.

திரைப்பட வரலாற்றில் இப்படம் பெற்றிருக்கும் இடத்துக்கு விருதுகளைவிட அதைப் பார்த்தவர்களின் நடத்தையே பெரிதும் காரணம். திரையரங்குகளில் பார்வையாளர்கள் மயங்கி விழுந்ததாகவும், வாந்தி எடுத்ததாகவும், பாதியிலேயே எழுந்து ஓடியதாகவும் அக்காலச் செய்தித்தாள்கள் தொடர்ந்து எழுதின. அதே வேளையில், கடுங்குளிரில் பல மணி நேரம் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கியவர்களும் அவர்களே. அச்சமூட்டும் ஒரு படைப்பு நல்லதா, தீங்கானதா, அதை யார் பார்க்கலாம், யார் தீர்மானிப்பது என்ற கேள்விகள் இப்படத்தைச் சுற்றி எழுந்த அளவுக்கு வேறு எந்தத் திகில் படத்தைச் சுற்றியும் எழுந்ததில்லை எனலாம்.

கதைச் சுருக்கம்

(கதையின் முடிவு இப்பகுதியில் தரப்பட்டுள்ளது.)

வட ஈராக்கில் அகழாய்வில் ஈடுபட்டிருக்கும் முதிய கத்தோலிக்க குரு மெரின், பசூசு எனும் பண்டைய தீய ஆவியின் உருவம் ஒன்றைக் கண்டெடுக்கிறார். கதை பின்னர் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதிக்கு மாறுகிறது. அங்கு தற்காலிகமாகத் தங்கியிருக்கும் நடிகை கிறிஸ் மெக்நீலின் பன்னிரண்டு வயது மகள் ரேகனின் நடத்தை மெல்ல மெல்ல மாறுகிறது. கட்டில் அதிர்கிறது, குரல் மாறுகிறது, சிறுமியின் வாயில் வரக்கூடாத சொற்கள் வருகின்றன. நரம்பியல் மருத்துவர்களும் உளமருத்துவர்களும் அடுத்தடுத்துச் சோதனைகள் செய்தும் நோய் பிடிபடவில்லை. கடவுள் நம்பிக்கையற்ற தாய், வேறு வழியின்றி டேமியன் கராஸ் என்ற இயேசு சபைக் குருவை அணுகுகிறார். கராஸ் உளமருத்துவமும் கற்றவர். அண்மையில் தாயை இழந்து, தன் நம்பிக்கையையே இழந்துகொண்டிருப்பவர். மெரினும் கராஸும் இணைந்து பேயோட்டும் சடங்கை நடத்துகின்றனர். மெரின் இறந்துவிடுகிறார். கராஸ் அத்தீய ஆவியைத் தன்னுள் வரும்படி அழைத்து, அது தன்னை ஆட்கொண்டதும் சன்னல் வழியே பாய்ந்து, வெளியேயுள்ள செங்குத்தான படிக்கட்டுகளில் உருண்டு உயிர்விடுகிறார். சிறுமி குணமடைகிறாள்.

மெசொப்பொத்தேமிய மரபில் பசூசு முழுக்கத் தீய ஆவியன்று என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் தாக்கும் லமாஷ்து என்னும் பெண் ஆவியை விரட்ட, பசூசுவின் தலையுருவைத் தாயத்தாக அணியும் வழக்கம் அங்கு இருந்தது. திரைப்படம் இதனைக் கருத்திற் கொள்ளவில்லை. தொடக்கக் காட்சிகள் எடுக்கப்பட்ட ஹத்ரா எனும் பழம்பெரும் நகரின் இடிபாடுகள் 2015 இல் இஸ்லாமிய அரசு இயக்கத்தினரால் சேதப்படுத்தப்பட்டன.

கதையின் மூலம்

1949 இல் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டதாக அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் செய்தி வெளியிட்டது. அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிளாட்டி அச்செய்தியால் ஈர்க்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைப் புதினமாக்கியபோது, அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சிறுவனைச் சிறுமியாக மாற்றினார்.

"உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது" என்ற சொற்றொடர் இப்படத்தின் அச்சத்தைப் பன்மடங்காக்கியது. ஆயினும் அந்த உண்மை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மார்க் ஓப்சாஸ்னிக் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் அச்சிறுவனின் ஊரிலேயே விசாரித்து, பலரும் சுட்டிக்காட்டி வந்த வீடு தவறானது என்பதைக் கண்டறிந்தார். உளச்சிக்கல் கொண்ட ஒரு சிறுவனின் குறும்புகளே பெரிதாக்கப்பட்டன என்ற முடிவுக்கும் வந்தார். சடங்கில் உதவியாளராய் இருந்த குரு வால்ட்டர் ஹாலரன்கூட, அது உண்மையில் பேய் பிடித்த நிகழ்வுதானா என்று தம்மால் உறுதிபடக் கூற இயலாது என்றே பிற்காலத்தில் கூறிவந்தார். திரைப்படத்தில் வரும் தலை முழுவட்டமாகத் திரும்புதல் போன்றவை கற்பனையே.

தயாரிப்பு

ஃப்ரீட்கின் இதற்கு முன் இயக்கிய தி பிரெஞ்ச் கனெக்சன் (1971) படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பெற்றவர். அப்படத்தில் கையாண்ட ஆவணப்பட பாணியையே இதிலும் கைக்கொண்டார். சிலந்தி வலைகளும் பாழடைந்த மாளிகையும் இல்லாத, விளக்குகள் எரியும் ஒரு வசதியான நகர வீட்டில் அச்சம் நுழைவதே இப்படத்தின் புதுமை. தாம் திகில் படம் எடுக்க முனையவில்லை, நம்பிக்கையின் மருமத்தைப் பற்றியே எடுத்ததாக ஃப்ரீட்கின் பல நேர்காணல்களில் கூறியுள்ளார்.

தாயாக எலன் பர்ஸ்டினும், ரேகனாக லிண்டா பிளேயரும், கராஸாக நாடக ஆசிரியர் ஜேசன் மில்லரும், காவல் அதிகாரியாக லீ ஜே. காப்பும் நடித்தனர். மெரினாக நடித்த சுவீடிய நடிகர் மாக்ஸ் வான் சிதோவ் அப்போது நாற்பதுகளில் இருந்தார். டிக் ஸ்மித்தின் ஒப்பனை அவரை முதியவராக்கியது. படத்தின் ஒப்பனைகளில் மிகத் திறமையானது சிறுமியின் முகமன்று, இதுவே. பெரும்பாலோர் அதனை ஒப்பனை என்று உணர்வதேயில்லை. மூடுபனியில் தெருவிளக்கின் கீழ் மெரின் நிற்கும் புகழ்பெற்ற காட்சி, ரெனே மக்ரீத் என்ற பெல்ஜிய ஓவியரின் "ஒளியின் பேரரசு" ஓவியத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது.

கணினி வரைகலை இல்லாத காலமாகையால் எல்லா விளைவுகளும் இயந்திர முறையிலேயே உண்டாக்கப்பட்டன. சடங்கு நடக்கும் அறையில் நடிகர்களின் மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வறை முழுதும் குளிரூட்டிகளால் உறைநிலைக்குக் கீழே கொண்டுவரப்பட்டது. படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பம் அறையை மீண்டும் சூடாக்கிவிடும் என்பதால், சிறிது நேரம் படம் பிடிப்பதும் மீண்டும் குளிர்விப்பதுமாகப் பணி ஆமை வேகத்தில் நடந்தது. மெல்லிய இரவு உடையில் அக்குளிரில் கிடந்தவர் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இயக்குநரின் வழிமுறைகள் பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. நடிகர்கள் திடுக்கிடுவதற்காகப் படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கியால் வெற்றுவேட்டு வெடித்தார். குரு டையராக நடித்த, உண்மையிலேயே இயேசு சபைக் குருவான வில்லியம் ஓமாலியிடமிருந்து நடுக்கத்தை வரவழைக்கக் காட்சிக்குச் சற்று முன் அவரைக் கன்னத்தில் அறைந்தார். மகள் தாயை அறையும் காட்சியில், கயிற்றுப் பட்டையால் பின்னே இழுக்கப்பட்ட பர்ஸ்டினுக்கு முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. வலியில் அவர் அலறிய அலறலே படத்தில் இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் இவை ஒரு கலைஞனின் பிடிவாதமாகப் புகழப்பட்டன. இன்று அவ்வாறு கூறுவோர் குறைவு.

ஒலி

இப்படம் அச்சமூட்டுவதற்குக் காட்சியைவிட ஒலியே பெரிதும் காரணம் என்று கருத இடமுண்டு. ஐயமுள்ளவர்கள் ஒலியை அணைத்துவிட்டு ஒரு காட்சியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பன்றிகளின் கதறல், தேனீக்களின் ரீங்காரம் போன்ற இயற்கை ஒலிகள் உரையாடலுக்கு அடியில் மிக மெல்லியதாகக் கலக்கப்பட்டுள்ளன. கேட்பவருக்கு அவை இன்னவென்று தெரியாது. அமைதியின்மை மட்டும் தோன்றும். தலை திரும்பும் ஒலி, பழைய தோல் பணப்பை ஒன்றை ஒலிவாங்கியின் அருகே முறுக்கி மெக்சிக்கோவைச் சேர்ந்த ஒலிக்கலைஞர் கொன்சாலோ கவீரா உண்டாக்கியது. அமைதியையும் பேரொலியையும் அடுத்தடுத்து வைப்பதில் இப்படம் காட்டும் துணிவு பிற்காலத் திகில் படங்கள் அனைத்துக்கும் பாடமாயிற்று.

தீய ஆவியின் குரலை வழங்கியவர் மெர்சிடஸ் மக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகை. பச்சை முட்டைகளை விழுங்கியும், இடைவிடாது புகைத்தும், மது அருந்தியும், நாற்காலியில் தன்னைக் கட்டிவைக்கச் செய்தும் அக்குரலை வரவழைத்தார். முதலில் அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. நடிகர் சங்கத்தின் தலையீட்டுக்குப் பின்பே சேர்க்கப்பட்டது. சிறந்த துணை நடிகைக்கு முன்மொழியப்பட்ட பிளேயர் விருதை இழந்ததற்கு இச்சர்ச்சையும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

லாலோ ஷிஃப்ரின் அமைத்த இசையை ஃப்ரீட்கின் ஏற்காமல் தள்ளிவிட்டார். அதற்கு மாற்றாகப் பயன்படுத்தப்பட்ட, இளைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் டியூபுலர் பெல்ஸ் (1973) இசைத்தட்டின் தொடக்கப் பகுதி படத்தோடு இரண்டறக் கலந்துவிட்டது. அவ்விசை இப்படத்துக்காக அமைக்கப்பட்டதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

பார்வையாளர்களின் எதிர்வினை

தொடக்கத்தில் சில பெருநகரங்களில் மட்டுமே வெளியிடப்பட்ட படம், வாய்மொழியாகவே பரவி 1974 இன் தொடக்கத்தில் பெரும் நிகழ்வாயிற்று. மயக்கம் பற்றிய செய்திகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. மயங்கி விழுவார்கள் என்று கேள்விப்பட்டு அந்த எதிர்பார்ப்புடனேயே உள்ளே செல்பவர், பிறரைவிட எளிதில் மயங்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சுவையான செய்தி என்னவெனில், பலர் மயங்கியதாகக் கூறப்படுவது பேய் வரும் காட்சியில் அன்று. மருத்துவமனையில் ரேகனின் கழுத்துத் தமனியில் ஊசியைச் செலுத்தி, மூளையின் குருதிக் குழாய்களை ஊடுகதிர்ப் படம் எடுக்கும் காட்சியிலேயே. அதில் இயற்கைக்கு மாறானது எதுவும் இல்லை. அக்கால மருத்துவ நடைமுறை உள்ளவாறே காட்டப்பட்டுள்ளது. பீறிடும் குருதியும் இயந்திரங்களின் ஓசையும் உதவியற்ற சிறுமியுமே அங்குள்ளவை.

உளமருத்துவர் ஜேம்ஸ் பொசுட்டோ 1975 இல் ஒரு மருத்துவ ஆய்விதழில், இப்படத்தைப் பார்த்த பின் உளநலம் குன்றிய நால்வரைப் பற்றி எழுதினார். இந்நிலையை அவர் "திரைப்பட நரம்புத்தளர்ச்சி" எனும் பொருள்படப் பெயரிட்டார். எனினும் அவர் படத்தை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. இழப்பு போன்ற தீராத சிக்கல்கள் முன்பே உள்ளவர்களிடம் படம் அவற்றைக் கிளறிவிட்டது என்பதே அவரது விளக்கம். நால்வரைப் பற்றிய அறிக்கையைக் கொண்டு கோடிக்கணக்கானோரைப் பற்றி முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்நால்வரின் துன்பம் கற்பனையும் அன்று.

பொதுவாகத் திகில் படங்களின் நீடித்த விளைவு பற்றிப் பின்னாளில் நடந்த ஆய்வுகளுள் கிறிஸ்டன் ஹாரிசன், ஜோவான் கான்டர் ஆகியோர் 1999 இல் வெளியிட்டது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்கள் வினவிய அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு திரைப்படமோ தொலைக்காட்சி நிகழ்ச்சியோ பார்த்த பின் நெடுநாள் நீடித்த அச்சத்தை அடைந்ததாகக் கூறினர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதன் எச்சம் அப்போதும் இருந்தது. பெரும்பாலோர் அவற்றைச் சிறுவயதில் பார்த்தவர்கள்.

மாற்றுக் கருத்துகள்

திரை விமர்சகர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். நியூயார்க் டைம்ஸ் இதழின் வின்சென்ட் கேன்பி இதனைப் பெரும்பொருட்செலவில் எடுக்கப்பட்ட வெற்று மாந்திரீகம் என்ற கருத்தில் நிராகரித்தார். நியூயார்க்கர் இதழின் பாலின் கேல் படத்தின் கொடூரத்தைக் கண்டித்ததோடு, இப்பாத்திரத்துக்காகத் தங்கள் மகள்களை அழைத்துக்கொண்டு தேர்வுக்கு வந்த தாய்மாரைப் பற்றியும் வினா எழுப்பினார். ரோஜர் ஈபர்ட் படத்துக்கு நான்கு நட்சத்திரங்கள் என்ற முழு மதிப்பெண் வழங்கினார். ஆயினும் இத்தகைய கடுமையான அனுபவத்தைத் தேடிச் செல்லும் அளவுக்கு மக்கள் மரத்துப் போய்விட்டார்களா என்று அவரும் கேட்காமல் விடவில்லை. இவ்விரண்டையும் ஒருவரே ஒரே கட்டுரையில் கூறியது, படம் எழுப்பிய குழப்பத்துக்கு நல்ல சான்று.

சமயத் தரப்பிலும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் திரைப்பட அலுவலகம் இதனைத் தடை செய்யவில்லை; வயது வந்தோர் எச்சரிக்கையுடன் பார்க்கத்தக்கது என்றே வகைப்படுத்தியது. இயேசு சபைக் குருக்கள் சிலர் படத்துக்கு ஆலோசகர்களாக இருந்தனர். பிளாட்டியோ தம் படைப்பை ஒரு சமயப் பணியாகவே கருதினார்: தீமை உண்டெனில் நன்மையும் உண்டு என்பது அவரது வாதம். இதற்கு மாறாக, புரட்டஸ்தாந்து தரப்பினர் பலர் படத்தையே சாத்தானின் கருவி என்றனர். பிரித்தானியாவில் "ஒளியின் திருவிழா" என்ற கிறித்தவ இயக்கத்தினர் திரையரங்க வாயில்களில் துண்டறிக்கைகள் வழங்கினர். பேயோட்டும் சடங்குக்கான வேண்டுகோள்கள் படத்துக்குப் பின் பெருகின என்றும், அமெரிக்கர்களிடையே இச்சடங்கு மீண்டும் பரவியதில் வெகுசனக் கலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் சமூகவியலாளர் மைக்கேல் கியூனியோ 2001 இல் வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார். உளநோயை மருத்துவரிடம் காட்டாமல் சடங்கை நாடும் ஆபத்து இங்குதான் உள்ளது. திரைப்படமே மருத்துவம் தோற்ற பின்புதான் குருவை அழைக்கிறது என்றாலும், பார்வையாளர் மனதில் எஞ்சுவது மருத்துவம் தோற்றது என்பதே. 1614 முதல் வழக்கில் இருந்த சடங்குமுறையைத் திருத்தி 1999 இல் வத்திக்கான் வெளியிட்ட புதிய முறை, உளநோயைப் பேய்பிடித்தலாகக் கொள்ளலாகாது என எச்சரிக்கிறது.

படம் உண்மையில் எதைப் பற்றியது என்பதிலும் கருத்துகள் பல. எழுத்தாளர் ஸ்டீபன் கிங், 1981 இல் வெளிவந்த தம் கட்டுரை நூலில், 1960களின் இளைஞர் கிளர்ச்சியைக் கண்டு மிரண்ட பெற்றோரின் அச்சமே இப்படத்தின் அடித்தளம் என்றார். பண்பாக இருந்த பிள்ளை ஒரு நாள் கெட்ட சொற்களைப் பேசி எதிர்த்து நிற்பதை எந்தப் பெற்றோரும் அறிவர் என்பதால் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகவே உள்ளது. பூப்படையும் வயதுப் பெண்ணுடலை அருவருப்புக்குரியதாகக் காட்டுவதே இப்படம் என்பது பார்பரா கிரீட் (1993) முதலிய பெண்ணியத் திறனாய்வாளர்களின் கருத்து.

படைப்பாளிகளுக்கிடையேயும் ஒரு நீண்ட கருத்து வேறுபாடு இருந்தது. இத்தகைய கொடுமை ஏன் நிகழ்கிறது என்று கராஸ் வினவ, காண்போரை நம்பிக்கையிழக்கச் செய்வதே அதன் நோக்கம் என மெரின் விளக்கும் ஒரு சிறு உரையாடலை ஃப்ரீட்கின் நீக்கிவிட்டார். அது இல்லாமல் படத்துக்கு அறநெறி மையமே இல்லை, முடிவில் சாத்தான் வென்றதாகவே மக்கள் நினைக்கின்றனர் என்பது பிளாட்டியின் மனக்குறை. 2000 ஆம் ஆண்டு வெளியான நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அவ்வுரையாடலும், ரேகன் சிலந்தி போல் படிகளில் இறங்கும் காட்சியும் சேர்க்கப்பட்டன. 122 நிமிடப் படம் 132 நிமிடமாயிற்று. சொல்லாமல் விட்டதே வலிமையானது என்று பழைய பதிப்பை விரும்புவோர் இன்றும் பலர் உள்ளனர்.

தணிக்கை

அமெரிக்காவில் இப்படத்துக்கு "ஆர்" சான்றிதழ் வழங்கப்பட்டது. பெற்றோருடன் வந்தால் எவ்வயதுக் குழந்தையும் பார்க்கலாம் என்பது இதன் பொருள். இதைவிடக் கடுமையான "எக்ஸ்" சான்றிதழே தகும் எனப் பலர் வாதிட்டனர். வாஷிங்டன் நகர அதிகாரிகள் பதினேழு வயதுக்குட்பட்டோரை அனுமதிக்கத் தடை விதித்தனர்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. 1974 இல் திரையரங்குகளில் வெட்டின்றி அனுமதிக்கப்பட்டது. அங்கு உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தடைசெய்யும் அதிகாரம் உண்டு. சில மன்றங்கள் அவ்வாறே தடைசெய்ய, அவ்வூர் மக்கள் பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குச் சென்று பார்த்தனர். 1984 இல் ஒளிநாடாக்களுக்கும் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. தணிக்கை வாரியத்தின் தலைவர் ஜேம்ஸ் ஃபெர்மன், வீட்டில் இளம்பெண்கள் இதனைப் பார்த்துப் பாதிக்கப்படுவர் என்ற அச்சத்தால் சான்றிதழ் வழங்க மறுத்தார். இதனால் 1988 முதல் 1999 வரை இப்படத்தின் ஒளிநாடாவை அந்நாட்டில் சட்டப்படி வாங்க முடியாத நிலை இருந்தது. திரையரங்கில் பார்க்கலாம், வீட்டில் பார்க்கலாகாது என்ற இம்முரண்பாடு படத்தின் புகழை வளர்க்கவே உதவியது. ஃபெர்மன் ஓய்வு பெற்ற பின் 1999 இல் வெட்டின்றி "18" சான்றிதழ் வழங்கப்பட்டது.

லிண்டா பிளேயர்

இவ்வளவு சர்ச்சைக்கும் நடுவில் இருந்தவர் ஒரு சிறுமி. பேய் பிடித்தவளாக நடித்தவரையே தீயவராகக் கண்ட சிலர் கொலை மிரட்டல் விடுத்ததால், வார்னர் நிறுவனம் அவருக்கு மெய்க்காவலர்களை அமர்த்தவேண்டியிருந்தது. படத்தால் அவரது மனநிலை குலைந்துவிட்டது என்ற வதந்திகள் பல ஆண்டுகள் உலவின. அவர் அவற்றை மறுத்தே வந்துள்ளார். மிகக் கடுமையான சில காட்சிகளில் அவருக்கு மாற்றாக எய்லீன் டீட்ஸ் என்ற வயதுவந்த நடிகை நடித்தார். ஒருசில சட்டகங்களுக்கு மட்டும் தோன்றி மறையும் வெளிறிய பேய் முகமும் டீட்ஸினுடையதே. இம்முகத்தைக் கொண்டு, படம் ஆழ்மனத்தைத் தாக்கும் மறைமுகச் செய்திகளைக் கொண்டது என வில்சன் பிரையன் கீ போன்றோர் எழுதினர். கண்ணால் காணக்கூடிய ஒன்றை மறைமுகச் செய்தி எனக் கூறுவது பொருந்தாது.

பிற்காலம்

பிற நாடுகளில் இப்படத்தைப் பின்பற்றிப் பல படங்கள் உடனே எடுக்கப்பட்டன. துருக்கியில் மெத்தின் எர்க்சான் இயக்கிய ஷெய்தான் (1974) காட்சிக்குக் காட்சி இதனைப் பின்பற்றி, கத்தோலிக்கக் குருவுக்கு மாற்றாக இஸ்லாமியச் சூழலை அமைத்தது. அமெரிக்காவில் கறுப்பின நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட ஆபி (1974), வார்னர் நிறுவனம் தொடர்ந்த வழக்கால் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியில் ரவிகாந்த் நகாயிச் இயக்கிய ஜாது டோனா (1977) இதன் தாக்கத்தில் உருவானது.

தொடர்ச்சியாக வந்தவற்றுள் ஜான் பூர்மன் இயக்கிய இரண்டாம் பாகம் (1977) பெரிதும் எள்ளி நகையாடப்பட்டது. பிளாட்டியே இயக்கிய மூன்றாம் பாகத்துக்கு (1990) இன்று மதிப்பு கூடியுள்ளது. 2023 இல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கத்தில் மற்றொரு தொடர்ச்சி வெளிவந்தது. ஃப்ரீட்கின் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் காலமானார். பிளாட்டி 2017 இல் காலமானார்.

2010 இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இப்படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. கராஸ் உருண்டு விழும் எழுபத்தைந்து படிகள் ஜார்ஜ்டவுனில் இன்றும் உள்ளன. 2015 இல் அங்கு ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.